நொண்டும் நாய்க்கு முழங்கால் கவசம்

சென்ற மாதம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று மற்றவற்றினின்றும் வேறுபட்டிருந்தது. ரேஷன் அட்டையை எப்படி மாற்றுவது, பிள்ளையைச் சங்கத்தின் தமிழ் வகுப்பில் எப்பொழுது சேர்க்கலாம், பொங்கலுக்கு ஊர் செல்ல எத்தனை நாள் முன்னதாக இடம் பதிவு செய்ய வேண்டும் என்பனவே நமக்கு வழக்கமாக வரும் கேள்விகள். இம்முறை ஓர் அம்மையார் எழுதியிருந்தார்: “எங்கள் வீட்டு நாய் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டுகின்றது. முழங்காலில் தசைநார் அறுந்திருக்கலாம் என்கிறார்கள். கைப்பேசியைத் திறந்தால் விதவிதமான கவசங்கள் விற்பனைக்கு வருகின்றன. எதை வாங்குவதென்று தெரியவில்லை. உங்கள் வீட்டு நாய்க்கும் இப்படி ஆயிற்று என்று கேள்விப்பட்டேன். வழி சொல்வீர்களா?”

அம்மையார் கேள்விப்பட்டது உண்மையே. நாம் கால்நடை வைத்தியர் அல்லோம். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளின் எடையையும் கட்டணத்தையும் எழுதும் எழுத்தர். ஆயினும் தவறான கவசம் ஒன்றும் சரியான கவசம் ஒன்றும் வாங்கிய அனுபவம் நமக்கு உண்டு. தவறான கவசம் பணத்தோடு ஐந்து வாரங்களையும் விழுங்கிற்று. மற்றொரு வீட்டில் அந்த ஐந்து வாரங்கள் வீணாகாதிருக்குமானால் இதனை எழுதுவது தகும் என்று கருதுகிறோம்.

நாகபுரியில் நம் அஜ்னி ரயில்வே காலனியில் மணியை அறியாதவர் இலர். மாற்றலாகிப் போன சக ஊழியர் ஒருவர் நம்மிடம் விட்டுச் சென்ற லாப்ரடார் கலப்பினக் குட்டி அது. நான்கு ஆண்டுகளுக்கு முன் நம் தாயார் காலமானபின், தந்தையார் கோவில்பட்டியை விட்டு நம்முடன் வந்து தங்கினார். அவருக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. ஊரில் காலையில் தேநீர்க்கடைக்குப் போனால் பத்துப் பேரோடு பேசிவிட்டுத் திரும்புகிறவர், இங்கே நான்கு சுவர்களுக்கு நடுவே ஒரே செய்தித்தாளை இருமுறை படித்துக்கொண்டிருந்தார்.

மணியைக் காலையும் மாலையும் உலாவ அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்ற பிறகே அவருக்கு இவ்வூரில் மனிதர்கள் கிடைத்தார்கள். நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கிழவரிடம் எவரும் இரண்டு வார்த்தை பேசுவார்கள் அல்லவா? காலனிக் குழந்தைகள் அவரை “ஆஜோபா” என்று அழைக்கத் தொடங்கினார்கள். மராத்தியில் தாத்தா என்று பொருள். பால்காரர் மராத்தியில் கேட்பார். தந்தையார் தமிழில் விடை சொல்வார். இடையில் மணி வாலை ஆட்டும். ஒருவருக்கும் குறை இருந்ததில்லை. பின்னர் மணி நடக்க மாட்டாமற் போனபோது தந்தையாரும் வெளியே போவதை நிறுத்திவிட்டார். இதனை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால், ஒரு நாயின் முழங்காலுக்காக ஒரு குடும்பம் ஏன் இத்தனை பாடுபட்டது என்பது விளங்கும்.

இந்நோய் திடீரென்று வந்ததாகவே நாம் முதலில் எண்ணினோம். மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, ஈரமான வாசற்படியில் மணி ஒரு பூனையைத் துரத்திப் பாய்ந்தது, கீச்சென்று கத்தியது, வலப் பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல் மூன்று காலில் திரும்பி வந்தது. ஆனால் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே தந்தையார் ஒரு செய்தி சொல்லியிருந்தார். “தம்பி, மணி இப்பல்லாம் சரியா உட்கார மாட்டேங்குது. ஒரு காலை வெளியே நீட்டிக்கிட்டே உட்காருது, பார்த்தியா?” என்றார். நாம் பார்க்கவில்லை. இரவுப் பணி முடிந்து வந்த களைப்பில், “வயசாகுதுல்லப்பா” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டோம்.

மனிதருக்குப் பெரும்பாலும் விளையாட்டிலோ விபத்திலோ ஒரே நொடியில் இந்தத் தசைநார் அறுகின்றது. நாய்களுக்கோ அது பெரும்பாலும் மாதக்கணக்கில் நைந்து, நூல் நூலாக இற்று, கடைசியில் சிறு பாய்ச்சலில் அறுகின்றது என்பதனைப் பின்னர்தான் அறிந்தோம். உறங்கி எழும்போது விறைப்பு, ஒரு காலை வெளியே நீட்டி உட்காருதல், நிற்கும்போது கால்விரல் நுனியை மட்டும் தரையில் தொடுதல், ஒரு தொடை மற்றதைவிட மெலிதல் ஆகியவை முன்னறிவிப்புகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அப்பொழுதே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அன்று மாலை தந்தையார் தம் முழங்கால் வலிக்கு அணியும் துணி உறையைக் கழற்றி மணியின் காலில் மாட்டினார். நாயின் தொடை மேலே பருத்துக் கீழே ஒடுங்கியது. நான்கு அடி வைப்பதற்குள் உறை வழுவிக் கணுக்காலில் வந்து நின்றது. எல்லோரும் சிரித்தோம். மணியும் அதனைக் கடித்து இழுத்து விளையாடிற்று. ஆனால் அந்தச் சிரிப்பில் இருந்த பாடத்தை நாம் கற்றுக்கொள்ளவில்லை. மறுநாளே கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து, ரூபாய் 1,650 கொடுத்து ஆயத்தக் கவசம் ஒன்றை வரவழைத்தோம். “அறுவை சிகிச்சை தேவையில்லை” என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகவே வாங்கினோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

கவசம் வந்ததும் நாம் செய்த முதற் பிழை அதனைத் தவறான மூட்டில் கட்டியது. நாயின் பின்னங்காலில் பின்புறமாகத் துருத்திக்கொண்டு தெரியும் மூட்டுத்தான் முழங்கால் என்று பலரும் எண்ணுகிறார்கள், நாமும் எண்ணினோம். அது கணுக்கால் மூட்டு. நாயின் முழங்கால் அதற்கு மேலே, வயிற்றின் மடிப்புக்கு அருகில், முன்னோக்கி வளைந்திருப்பது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் நம் மகள் பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்து, “அப்பா, இது இங்க கட்டுறது இல்லப்பா, மேல” என்று திருத்தினாள். கணுக்காலுக்கென்றே தனிக் கவசங்களும் விற்கப்படுவதால், படம் பாராமல் பெயரை மட்டும் பார்த்து வாங்குவோர் வேறு மூட்டின் கவசத்தை வாங்கிவிடவும் கூடும்.

சரியான இடத்தில் கட்டியும் பயன் விளையவில்லை. ஐந்து வாரம் கட்டினோம். பகலெல்லாம் கட்டியே வைத்திருந்தோம், இரவிலும் சில நாள் கழற்றவில்லை. ஆறாம் வாரத் தொடக்கத்தில் கவசத்தை எடுத்தபோது உட்தொடையில் ரோமம் உதிர்ந்து, உள்ளங்கை அகலத்துக்குப் புண் கண்டிருந்தது. துர்நாற்றம் வீசிற்று. தந்தையார் ஒன்றும் பேசவில்லை. ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் பஞ்சும் கொண்டுவந்து மணியின் அருகில் அமர்ந்துகொண்டார். அன்றே மருத்துவமனைக்குப் புறப்பட்டோம்.

வைத்தியர் இளைஞர், பொறுமைசாலி. முதலில் மணியை நடக்கவிட்டுப் பார்த்தார். பின்னர் படுக்கவைத்து, ஒரு கையால் தொடையெலும்பையும் மறு கையால் காலெலும்பையும் பிடித்து மெல்ல அசைத்தார். மேசையின் இழுப்பறை திறப்பதுபோல் காலெலும்பு முன்னோக்கி நகர்ந்தது. நல்ல காலில் அப்படி நகரவில்லை. எக்ஸ்-ரே எடுத்தார்கள். எக்ஸ்-ரேயில் தசைநார் தெரியாது. ஆனால் மூட்டுக்குள் நீர் கோத்திருப்பதும், எலும்பின் ஓரங்களில் தேய்மானம் தொடங்கியிருப்பதும் தெரியும். எலும்பு முறிவு, எலும்புக்கட்டி போன்ற வேறு காரணங்கள் இல்லையென்பதும் தெரியும். இச்சோதனைகள் முடியுமுன் எந்தக் கவசத்தையும் வாங்குவது, நோயாளியைப் பாராமல் மருந்து எழுதுவதற்கு ஒப்பாகும். சிறு நாய்களில் முழங்காற் சில்லு இடம் பெயர்வதாலும் நொண்டல் உண்டாகும். அதற்கு வைத்தியம் வேறு.

கோளாறு இன்னதென்று வைத்தியர் விளக்கியதை நம் தொழிலில் உள்ள ஓர் உவமையால் சொன்னால் நம் காலனி நேயர்களுக்கு எளிதில் புரியும். நாயின் காலெலும்பின் மேற்பரப்பு சமதளமன்று, பின்னோக்கிச் சரிந்தது. அதன்மேல் தொடையெலும்பு நிற்கின்றது. சரிவான தண்டவாளத்தில் நிறுத்திய வாகன் உருண்டோடாதபடி சங்கிலியால் பிணைத்து வைப்பது போல, தொடையெலும்பு பின்னோக்கி வழுக்காதபடி இழுத்துப் பிடித்திருப்பது இந்தக் குறுக்குத் தசைநாரே. சங்கிலி அறுந்தால், நாய் காலை ஊன்றும் ஒவ்வொரு தடவையும் எலும்பு வழுக்குகின்றது. வழுக்கும் எலும்பு, மூட்டின் உட்புறத்தில் மெத்தைபோல் அமைந்த பிறைக்குருத்தெலும்பை நசுக்கிக் கிழிக்கின்றது. நடக்கும்போது சில சமயம் ‘டிக்’ என்று ஓசை கேட்பது அதனால்தான். கிழிந்த குருத்தெலும்பைக் கவசம் சீராக்காது.

வழுக்கலைத் தடுக்க வைத்தியர்கள் கையாளும் வழிகள் மூன்று. அறுந்த சங்கிலிக்கு மாற்றாக மூட்டின் வெளிப்புறத்தில் வலிய நைலான் இழையைக் கட்டுவது ஒன்று. காலெலும்பின் மேற்பகுதியை வட்டமாக அறுத்துச் சிறிது திருப்பி, உலோகத் தகடு வைத்துப் பிணைத்து, சரிவையே ஏறத்தாழச் சமதளமாக்கிவிடுவது மற்றொன்று. பார்க்லே ஸ்லோகம் என்னும் அமெரிக்க வைத்தியர் வகுத்து, 1993ஆம் ஆண்டில் விளக்கி எழுதிய முறை இது. இன்று பெரிய நாய்களுக்குப் பெரும்பாலோர் விரும்பும் முறையும் இதுவே. மூன்றாவது, அறுவையின்றி ஓய்வு, எடைக் குறைப்பு, வலி மருந்து, பயிற்சி ஆகியவற்றைக் கொண்டு, வேண்டுமானால் கவசத்தையும் துணை சேர்த்து, மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு இறுகும்வரை காப்பது.

அறுவையின்றிக் குணமாகுமா என்ற கேள்விக்கு நாயின் எடையே பெரும்பாலும் விடை சொல்கின்றது. 1984ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், அறுவை செய்யாமல் ஓய்வும் எடைக் கட்டுப்பாடும் கொண்டு கவனிக்கப்பட்ட நாய்களுள், 15 கிலோவுக்குக் குறைந்தவை 28இல் 24 நன்றாகவோ முன்னிலும் மேலாகவோ நடந்தன. 15 கிலோவுக்கு மேற்பட்டவை 57இல் 11 மட்டுமே அப்படி நடந்தன. 2013ஆம் ஆண்டில் பருத்த நாய்கள் நாற்பதைக் கொண்டு செய்த ஆய்வு சற்று நம்பிக்கை தருகின்றது. எடைக் குறைப்பும் முறையான பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தபோது, ஓராண்டு முடிவில் அறுவை செய்தவற்றில் முக்கால் பங்கும், அறுவை செய்யாதவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும் நற்பலன் கண்டன. ஆகவே அறுவையே மேல் என்பதும், அறுவை இயலாதபோது கைவிட வேண்டியதில்லை என்பதும் இரண்டும் உண்மை.

மணியின் எடை 34 கிலோ. இருக்க வேண்டியது 27 என்றார் வைத்தியர். எடை போடுவதே நம் தொழில். நம் வீட்டு நாயின் எடையை நாம் அறிந்திருக்கவில்லை! அறுவையே செய்துவிடலாம் என்று முடிவு கட்டினோம். இரண்டு மாதச் சம்பளம் ஆகும் என்றார்கள். கோடையில் ஊர் செல்ல ஒதுக்கியிருந்த தொகையும், கூட்டுறவுச் சங்கக் கடனும் கைகொடுக்கும் என்று கணக்கிட்டோம். ஆனால் அறுவைக்கு முன் செய்த சோதனையில் மணியின் இதயத்தில் கோளாறு தெரிந்தது. மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து என்றார் வைத்தியர். “இரண்டாவது வழி ஒன்றுண்டு. ஆனால் அது நாயின் வேலை அன்று, உங்கள் வேலை. நாள்தோறும் ஒருவர் உடனிருந்து செய்ய வேண்டும். செய்வீர்களா?” என்று இந்தியில் கேட்டார். நாம் தந்தையாருக்கு மொழிபெயர்த்துச் சொன்னோம். “எனக்கு வேற என்ன வேலை இருக்கு, தம்பி?” என்றார் அவர்.

இனி அம்மையார் கேட்ட கேள்விக்கு வருகிறோம். கடையிலும் கைப்பேசியிலும் கிடைக்கும் கவசங்கள் இருவகைப்படும். முதல்வகை, நியோப்ரீன் என்னும் ரப்பர்த் துணியாலான மென்மையான உறை. சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவு குறித்து விற்பார்கள். மூட்டுக்கு வெதுவெதுப்பும் சிறிது அழுத்தமும் கொடுக்கும்; ஆனால் வழுக்கும் எலும்பைத் தடுத்து நிறுத்தும் வலிமை அதற்கு இல்லை. அறுந்த சங்கிலிக்குப் பதிலாக வாகனின்மேல் தார்ப்பாயைப் போர்த்தியது போன்றது. சிறு நாய்க்கோ, மூட்டுத் தேய்மானத்தால் குளிர்காலத்தில் துன்புறும் கிழ நாய்க்கோ ஓரளவு ஆறுதல் தரலாம்.

இரண்டாம் வகை, அந்தந்த நாயின் காலுக்கென்றே வார்த்துச் செய்யும் கீல் கவசம். காலில் மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்து, அந்த அச்சின்மேல் வன்பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்து, தொடைக்கு ஒரு பாகமும் காலுக்கு ஒரு பாகமுமாகச் செய்து, முழங்கால் மடங்கும் இடத்தில் கீல் வைத்து, உட்புறம் மெத்தை ஒட்டி, பட்டைகளால் கட்டுவார்கள். மனிதர்களுக்குச் செயற்கை உறுப்புகள் செய்யும் தொழிலாளர் ஒருவரிடம், வைத்தியர் எழுதிக்கொடுத்த குறிப்புடன் சென்று, மணிக்கு இதனைச் செய்துகொண்டோம். நம் மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆயிற்று.

இந்த வகையும் மாயமன்று. 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நாய் வளர்ப்போரைக் கேட்டு வெளியிட்ட ஆய்வில், வார்த்த கவசம் அணிவித்தவர்களுள் பெரும்பாலோர் மனநிறைவு தெரிவித்தனர். ஆயினும் ஏறத்தாழப் பாதி நாய்களுக்குத் தோலில் புண் வந்தது. நொண்டல் நீங்கியதில் அறுவை செய்த நாய்களே முந்தி நின்றன. இதனை அறிந்தே வாங்க வேண்டும்.

வாங்கும்போது நாம் கவனித்தவற்றைச் சொல்கிறோம். முதலாவது, அளவு. நாய் படுத்திருக்கும்போது எடுத்த அளவு பயன்படாது. நாலு காலும் ஊன்றி நிற்கும்போது தொடையின் மேற்சுற்று, முழங்காலுக்கு மேலும் கீழும் உள்ள சுற்று, நீளம் ஆகியவற்றை எடுக்க வேண்டும். இரண்டாவது, கவசத்தின் கீல் நாயின் மூட்டு மடங்கும் இடத்திலேயே அமைய வேண்டும். ஒரு விரல் அகலம் தள்ளியிருந்தாலும் நடக்கும்போது தோலைத் தேய்க்கும். மூன்றாவது, வழுவாமை. மாட்டியவுடன் நின்று பார்ப்பது போதாது. பத்து நிமிடம் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். நம் தந்தையாரின் உறை கற்பித்த பாடம் இதுவே. நான்காவது, செய்துகொடுப்பவர் பிறகும் திருத்திக்கொடுப்பாரா என்று கேட்டுத் தெளிதல். மணிக்கு மூன்று முறை திருத்த நேர்ந்தது. தொடையில் சதை மெலிவதும் பிறகு பருப்பதும் இயல்பாகையால் யாருக்கும் நேரும். ஐந்தாவது, உள்மெத்தையைக் கழற்றித் துவைக்க முடியுமா என்று பார்ப்பது. ஆறாவது, விளம்பரத்தில் எல்லா நாய்க்கும் எல்லா நோய்க்கும் ஒரே கவசம் என்றிருந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவது.

அணிவிப்பதிலும் முறை உண்டு. முதல் நாள் அரை மணி நேரம் மட்டுமே மாட்டினோம். நாளுக்கு நாள் சிறிது கூட்டி, மூன்றாம் வாரத்தில் விழித்திருந்து நடமாடும் பொழுதுகளுக்குக் கொண்டுவந்தோம். உறங்கும்போது கட்டாயம் கழற்றிவிட வேண்டும். ஒவ்வொரு முறை கழற்றியதும் உட்தொடை, இடுக்கு, பட்டை படும் இடம் ஆகியவற்றை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சிவப்பு சிறிது நேரத்தில் மறைந்தால் கவலை இல்லை. மறையாவிட்டால் அன்று கவசம் வேண்டாம். கால்விரல்கள் வீங்கினாலோ சில்லிட்டாலோ பட்டை இறுகியிருக்கின்றது என்று பொருள். மே மாதத்தில் 45 பாகையைத் தாண்டும் நம் நாகபுரி வெயிலில் விடியற்காலையும் இருட்டிய பின்னும் மட்டுமே அணிவித்தோம்.

கவசத்தைக் கட்டிவிட்டு நாயை ஓடவிடுவது பெருந்தீங்கு. கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி, முதலில் ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை, மெதுவான நடை. வைத்தியர் சொற்படி வாரந்தோறும் சிறிது அதிகம். படியேற்றம், கட்டிலில் தாவுதல், பந்து எறிந்து விளையாட்டு எல்லாவற்றுக்கும் தடை. வழுக்கும் தரையில் கோணிச் சாக்கையும் தென்னை நார்ப் பாயையும் விரித்தோம். வாசற்படி இறங்க, பழைய துண்டு ஒன்றை வயிற்றின் கீழ்க் கொடுத்துத் தாங்கினோம். வீட்டில் பெரியவர்கள் உண்ணும் வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கலாகாது. இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் வயிற்றில் இரத்தப் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கும். தந்தையாரின் மாத்திரையில் பாதியை ஒடித்து மணிக்குக் கொடுக்க நாமும் ஒரு நாள் கையில் எடுத்தோம். நல்ல வேளையாக அவர்தாம், “கேட்காம குடுக்காதே” என்று தடுத்தார்.

எல்லாவற்றினும் கடினமானது எடைக் குறைப்பு. உணவைக் கிண்ணத்தால் அளந்து குறைத்தோம். ஒரு மாதமாகியும் எடை அசையவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது, காலனியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மணிக்கு ஒரு பிஸ்கட்டோ ஒரு ரொட்டித் துண்டோ காத்திருந்தது தெரிந்தது. நொண்டும் நாயைக் கண்டு இரக்கம் கொண்டவர்கள் முன்னிலும் அதிகமாகக் கொடுத்தார்கள். நாம் வீடு வீடாகச் சென்று சொல்லவும் இயலவில்லை. அப்பொழுது தந்தையார் நம் மகளிடம், “பிஸ்கட் குடுக்காதீங்கன்னு இவங்க பாஷையில எப்படிம்மா சொல்றது?” என்று கேட்டுக் கற்றுக்கொண்டார். “பிஸ்கிட் தேஊ நகா.” அவர் மராத்தியில் முழுதாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். நான்கு ஆண்டுகளில் பேசாதவர், அந்த வாரத்தில் அதனை நூறு முறையாவது சொல்லியிருப்பார். பால்காரர் அதனைக் கேட்டுச் சிரித்து, உச்சரிப்பைத் திருத்திக்கொடுத்தார். அடுத்த ஆறு மாதத்தில் மணி ஆறு கிலோ குறைந்தது.

இப்பொழுது ஓராண்டும் சில மாதங்களும் கடந்துவிட்டன. மணியின் முழங்கால் உட்புறத்தில் கெட்டியாகத் தடித்திருக்கின்றது; தழும்பு இறுகியதன் அடையாளம் அது என்றார் வைத்தியர். கவசம் இப்பொழுது நீண்ட நடைக்கு மட்டுமே. டிசம்பர் மாதக் குளிர்க்காலைகளில் இன்னும் சிறிது நொண்டுகின்றது. பூனையைத் துரத்துவதில்லை, துரத்தவும் விடுவதில்லை. ஒரு காலில் இந்நோய் வந்த நாய்களுள் ஏறத்தாழப் பாதிக்கு மறு காலிலும் வருகின்றது என்பதனால், இடக்காலை நாள்தோறும் கவனித்து வருகிறோம். மணி உட்காரும்போது காலை நீட்டுகின்றதா என்று தந்தையார் பார்க்கின்றார்; இப்பொழுது அவர் சொன்னால் நாமும் பார்க்கிறோம்.

இன்னொரு கேள்வியும் சிலர் கேட்பதுண்டு: நாயை ஊருக்குக் கொண்டுபோய் வைத்தியம் செய்யலாமா? முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் தனியறை முழுவதையும் பதிவு செய்தால் நாயை உடன் கொண்டு செல்லலாம். இல்லையேல் கார்டு வண்டியில் உள்ள நாய்க்கூண்டில் ஏற்ற வேண்டும். பார்சல் அலுவலகத்தில் முன்னதாகவே வந்து கட்டணம் கட்ட வேண்டும். காலில் காயமுள்ள நாயைக் கூண்டில் வைத்துச் சென்னை வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குலுங்கச் செய்வதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். 1886இல் தொடங்கிய பம்பாய்க் கல்லூரி பரேலில் இருப்பது போலவும், 1903இல் தொடங்கிய சென்னைக் கல்லூரி வேப்பேரியில் இருப்பது போலவும், நம் நாகபுரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. முதலில் அருகில் உள்ளதைத் தேடுவதே நலம்.

கடிதம் எழுதிய அம்மையாருக்கு முடிவாக ஒன்று சொல்கிறோம். நாளைக் காலை நாயைத் தராசில் நிறுத்துங்கள்; நாளை மாலைக்குள் வைத்தியரிடம் காட்டுங்கள். 15 கிலோவுக்குக் குறைந்த நாயானால் ஓய்வே பெரும்பாலும் உதவும். பெரிய நாயானால், உடல் தாங்குமென்று வைத்தியர் சொன்னால், கவசத்துக்குச் செலவிடும் பணத்தை அறுவைக்குச் சேமியுங்கள். அறுவை இயலாதென்றால் மட்டும் வார்த்த கவசத்தைத் தேடுங்கள். அப்பொழுதும், நாள்தோறும் அதனைக் கட்டி, அவிழ்த்து, தோலைத் தடவிப் பார்க்கும் ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். நம் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார்.

நாம் வாங்கிய ஆயத்தக் கவசம் இன்னும் பரணில் கிடக்கின்றது. அதனை இலவசமாகக் கேட்டு எவரும் எழுத வேண்டாம், கொடுப்பதற்கில்லை. வார்த்த கவசத்தை நேரில் பார்க்க விரும்புவோர் காலை ஆறு மணிக்கு அஜ்னி காலனியின் வேப்பமரத்தடிக்கு வரலாம். மணியும் தந்தையாரும் அங்கே நிற்பார்கள். வரும்போது பிஸ்கட் மட்டும் கொண்டுவர வேண்டாம்.